அமெரிக்காவில் திவால் மனு போட்டால் கிரெடிட் ஸ்கோர் என்ன ஆகும்?

கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்திலும் பலர் வக்கீலைப் பார்க்காமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதற்கு ஒரு பயம் காரணமாக இருக்கிறது: "திவால் மனு போட்டால் கிரெடிட் ஸ்கோர் போயே போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் ஒரு கார் லோன்கூடக் கிடைக்காது." இந்தப் பயத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மனு போட்டால் ஸ்கோர் விழும். அந்தப் பதிவு பல வருடம் ரிப்போர்ட்டில் நிற்கும். ஆனால் எவ்வளவு விழும், எத்தனை காலம் உறுத்தும், எப்போது திரும்ப ஏறத் தொடங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மனு போடும் நிலைக்கு வந்துவிட்ட பெரும்பாலானவர்களுக்கு ஸ்கோர் ஏற்கெனவே விழுந்துதான் கிடக்கும். விழுந்துபோன அந்த எண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து, உண்மையிலேயே காப்பாற்ற வேண்டியவற்றை இழந்துவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சட்டப்படி. மனு போட அமெரிக்கக் குடியுரிமை வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்காவில் வசிப்பிடமோ தொழிலோ சொத்தோ இருந்தால் போதும். கிரீன் கார்டில் இருப்பவரும் வேலை விசாவில் இருப்பவரும் மனு போடலாம்.

ஸ்கோர் எங்கிருந்து வருகிறது?

ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் என்று மூன்று கிரெடிட் பீரோக்கள் இருக்கின்றன. வங்கிகளும் கார்டு நிறுவனங்களும் மாதாமாதம் உங்கள் கணக்கு விவரத்தை இவற்றுக்கு அனுப்புகின்றன. யாருக்கு எவ்வளவு பாக்கி, தவணையை நேரத்துக்குக் கட்டினீர்களா, எத்தனை நாள் தாமதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தொகுப்புதான் கிரெடிட் ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் இருக்கும் விவரங்களை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண்தான் ஸ்கோர். அதிகம் புழங்குவது ஃபைக்கோ ஸ்கோர், 1989இல் வந்தது. மூன்று பீரோக்களும் சேர்ந்து 2006இல் கொண்டுவந்த வான்டேஜ்ஸ்கோர் என்ற ஒன்றும் உண்டு. இரண்டுமே இப்போது 300இல் தொடங்கி 850 வரை போகும்.

ஃபைக்கோ கணக்கில் நேரத்துக்குக் கட்டிய வரலாற்றுக்கு 35%, இப்போதைய பாக்கிக்கு 30%, கணக்குகளின் வயதுக்கு 15%, புதிதாக வாங்கும் கடனுக்கு 10%, கடன்களின் வகைக்கு 10% என்று எடை கொடுக்கப்படுகிறது. முதல் இரண்டும் சேர்ந்தாலே 65% ஆகிவிடுகிறது. திவால் நடவடிக்கை தொடுவது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான். ஒன்றை அது கெடுக்கிறது, இன்னொன்றைச் சரிசெய்கிறது. இது மனதில் இருந்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

திவால் நீதிமன்றம் பீரோக்களுக்கு எந்தத் தகவலும் அனுப்புவதில்லை. வழக்கு ஒரு பொதுப் பதிவு என்பதால் பீரோக்கள்தான் அதைத் தேடி எடுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. முன்பெல்லாம் சிவில் தீர்ப்புகளும் வரி பாக்கிக்கான சொத்துப் பிடிப்புகளும்கூட ரிப்போர்ட்டில் வந்தன. 2017, 2018 வாக்கில் அவற்றை நீக்கிவிட்டார்கள். இப்போது பொதுப் பதிவுப் பகுதியில் மிஞ்சியிருப்பது திவால் ஒன்றுதான்.

சாப்டர் 7, சாப்டர் 13

தனிநபர்கள் அதிகம் போடுவது இந்த இரண்டு வகை மனுக்களைத்தான். சட்டப் புத்தகத்தின் அத்தியாய எண்ணே பெயராக நின்றுவிட்டது.

சாப்டர் 7இல், சட்டம் விலக்கு அளித்த சொத்து போக மீதம் ஏதாவது இருந்தால், வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் ட்ரஸ்டி அதை விற்றுக் கடன்காரர்களுக்கு, அதாவது கடன் கொடுத்தவர்களுக்கு, பிரித்துக் கொடுப்பார். பெரும்பாலான வழக்குகளில் விற்கும்படி எதுவும் இருப்பதில்லை. மனு போட்டுச் சுமார் நான்கு மாதத்தில் டிஸ்சார்ஜ் வந்துவிடும். அதாவது, இந்தக் கடன்களை இனி நீங்கள் கட்ட வேண்டியதில்லை, யாரும் உங்களிடம் வசூலிக்கவும் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு. வருமானம் மாநிலத்தின் நடுமட்ட அளவைத் தாண்டினால், இதற்குத் தகுதி உண்டா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள்.

சாப்டர் 13 என்பது தவணைத் திட்டம். நிலையான வருமானம் உள்ளவர், மூன்று முதல் ஐந்து வருடம் ட்ரஸ்டியிடம் மாதாமாதம் கட்டிவருவார். அது முடிந்த பிறகுதான் டிஸ்சார்ஜ். வீட்டுக்கடன் தவணை பாக்கி விழுந்து வீடு கைவிட்டுப் போகும் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதற்குத்தான் போவார்கள். பாக்கியைத் திட்டத்துக்குள் கொண்டுவந்து கட்ட இதில் வழி இருக்கிறது.

இரண்டிலுமே மனு போட்ட கணமே தடை அமலுக்கு வந்துவிடும். வசூல் அழைப்பு, வழக்கு, சம்பளப் பிடித்தம் எல்லாம் நின்றாக வேண்டும். எல்லாக் கடனும் டிஸ்சார்ஜில் போய்விடாது. பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம், அண்மைக் கால வருமான வரி, மோசடி செய்து வாங்கிய கடன் போன்றவை நிற்கும். மாணவர் கடனும், பெரும் கஷ்டம் என்று தனியாக நிரூபித்தால் ஒழிய நிற்கும்.

எவ்வளவு விழும்?

ஃபைக்கோ நிறுவனம் முன்பு ஒரு மாதிரிக் கணக்கை வெளியிட்டிருந்தது. அதன்படி, 680இல் இருக்கும் ஒருவர் திவால் மனு போட்டால் 130 முதல் 150 புள்ளி இழப்பார். 780இல் இருப்பவர் 220 முதல் 240 புள்ளி இழப்பார். கழித்துப் பாருங்கள். முதலாமவர் 530–550இல் நிற்கிறார், இரண்டாமவர் 540–560இல் நிற்கிறார். நூறு புள்ளி இடைவெளியில் இருந்த இருவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். உயரத்தில் இருப்பவருக்கு விழவும் அதிக உயரம் இருக்கிறது. ஏற்கெனவே கீழே இருப்பவருக்கு விழ அவ்வளவு இடமில்லை.

அதே கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது அதைத்தான். ஒரே ஒரு தவணை 30 நாள் தாமதமானாலே 680காரருக்கு 60 முதல் 80 புள்ளியும், 780காரருக்கு 90 முதல் 110 புள்ளியும் போய்விடுகிறது. ஒரு தாமதத்துக்கே இவ்வளவு. இப்போது வேலை போய் ஆறு மாதமான ஒருவரை எண்ணிப் பாருங்கள். நான்கு கார்டுகள், நான்கிலும் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று தாமதம் ஏறிக்கொண்டே போகிறது. கார்டுக் கடனில் 180 நாள் ஆனதும் வங்கி அதை வாராக்கடனாகத் தள்ளி எழுதிவிடும். பிறகு அது வசூல் நிறுவனத்தின் கைக்குப் போகும். எல்லாக் கார்டும் உச்சவரம்பை முட்டி நிற்கும். இந்த ஆள் ஒருகாலத்தில் 780இல் இருந்திருந்தாலும் இன்று அங்கே இல்லை. அவர் வக்கீலின் அறைக்குள் நுழையும்போதே ஸ்கோர் 500களில் இருந்தால், மனுவால் அது இன்னும் கொஞ்சம் இறங்கலாம். 240 புள்ளி இறங்க வழியே இல்லை.

அதனால் "திவால் போட்டால் 200 புள்ளி போகும்" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், இன்றைய தேதியில் உங்கள் ஸ்கோர் என்ன என்று முதலில் பாருங்கள். ஒரு வருடத்துக்கு முன்பிருந்த ஸ்கோரோடு ஒப்பிட்டுப் பயப்படுவதில் பொருளே இல்லை.

டிஸ்சார்ஜ் வந்த பிறகு இரண்டாவது மாற்றம் நடக்கிறது. கார்டுகளின் பாக்கி பூஜ்ஜியமாகிறது. மாதாமாதம் சேர்ந்துகொண்டிருந்த புதுத் தாமதப் பதிவுகள் நிற்கின்றன. நான் மேலே சொன்ன 30% பகுதி சீராகிறது. மனு போடாமல் இழுத்தடிப்பவருக்கு இது எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் அவர் ரிப்போர்ட்டில் புதுக் காயம் ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தவணை ஒன்றைக்கூடத் தவறவிடாமல், ஸ்கோர் நன்றாக இருக்கும்போதே மனு போடுபவர்களும் உண்டு. பெரிய மருத்துவச் செலவு வந்தவர்கள், ஒரு கார்டில் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்டிச் சமாளித்தவர்கள் இப்படி இருப்பார்கள். அவர்களுக்கு அடி முழு வேகத்தில் விழும். 220 புள்ளி என்பது அவர்களுக்கு உண்மையான எண். அதற்காக மனு போடக் கூடாது என்று சொல்லவரவில்லை. என்ன விலை கொடுக்கிறோம் என்பது தெரிந்து போட வேண்டும்.

எத்தனை வருடம் நிற்கும்?

1970ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டம் திவால் பதிவை அதிகபட்சம் 10 வருடம் காட்ட அனுமதிக்கிறது. சாப்டர் 7 அந்தப் பத்து வருடமும் நிற்கும். திட்டத்தை முடித்த சாப்டர் 13ஐ பீரோக்கள் 7 வருடத்தில் எடுத்துவிடுகின்றன. எண்ணத் தொடங்குவது மனு போட்ட தேதியிலிருந்து. டிஸ்சார்ஜ் வந்த தேதியிலிருந்து இல்லை. இந்த இடத்தில் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ரிப்போர்ட்டில் திவால் என்பது ஒரே வரியாக வருவதில்லை. பொதுப் பதிவுப் பகுதியில் வழக்கு ஒரு பதிவாக இருக்கும். அதோடு, மனுவில் சேர்த்த ஒவ்வொரு கடன் கணக்கும் தனித்தனியாகத் திவாலில் சேர்க்கப்பட்டது என்ற குறிப்போடு நிற்கும். இந்தக் கணக்கு வரிகளுக்கு வேறு கடிகாரம். முதன்முதலில் தவணை தவறி, பிறகு திரும்ப நேராகாமலே போன தேதியிலிருந்து 7 வருடம்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச்சில் ஒருவர் கார்டுத் தவணை கட்டுவதை நிறுத்துகிறார். 2023 ஜூனில் சாப்டர் 7 மனு. அக்டோபரில் டிஸ்சார்ஜ். அந்தக் கார்டு வரி 2029 மார்ச் வாக்கில் ரிப்போர்ட்டிலிருந்து போய்விடும். வழக்குப் பதிவு 2033 ஜூன் வரை இருக்கும். இடையிலான நான்கு வருடங்களில் ரிப்போர்ட்டில் மிஞ்சியிருக்கும் பழைய கறை அந்த ஒரு வழக்குப் பதிவு மட்டும்தான். அவரே 2023 ஜூனில் சாப்டர் 13 போட்டு, ஐந்து வருடத் திட்டத்தை 2028இல் முடித்திருந்தால், வழக்குப் பதிவு 2030 ஜூனிலேயே போய்விடும். திட்டம் முடிந்து இரண்டே வருடம்.

பத்து வருடம் நிற்கும் என்றால் பத்து வருடமும் ஸ்கோர் பாதாளத்திலேயே கிடக்கும் என்று அர்த்தமில்லை. பழைய பதிவுக்கு எடை குறைந்துகொண்டே வரும். முதல் இரண்டு வருடம் கடுமையாக இருக்கும். அதற்குப் பிறகு புதுக் கணக்குகளை ஒழுங்காகக் கட்டிவந்தவரின் ஸ்கோர், பதிவு இருக்கும்போதே கணிசமாக ஏறிவிடும்.

பதிவு மறைந்த மறுநாள் ஸ்கோர் துள்ளி ஏறும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். ஃபைக்கோ எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவதில்லை. ரிப்போர்ட்டின் தன்மையைப் பொறுத்துக் குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவுக்குள் மதிப்பிடுகிறது. பதிவு போனதும் நீங்கள் வேறு குழுவுக்கு மாறுகிறீர்கள். அங்கே ஒப்பீடு கறையே இல்லாதவர்களோடு. அதனால் சிலருக்கு நினைத்த அளவு ஏறாது.

ஸ்கோருக்காக இழக்கக் கூடாதவை

திவாலைத் தவிர்ப்பதற்காக ஓய்வூதியச் சேமிப்பில் கை வைப்பதுதான் நான் பார்த்ததிலேயே வருத்தமான முடிவு. 401 கே என்ற, வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகச் சேரும் ஓய்வூதியக் கணக்கில் இருக்கும் பணம் திவால் வழக்கில் பொதுவாகக் கடன்காரர்கள் தொட முடியாத பணம். 1992இல் உச்ச நீதிமன்றமே இந்த வகைத் திட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பை உறுதிசெய்திருக்கிறது. 59½ வயதுக்கு முன் அதிலிருந்து 30,000 டாலர் எடுத்தால், விதிவிலக்கு எதுவும் இல்லாத பட்சத்தில் 3,000 டாலர் அபராதம். அதற்கு மேல் முழுத்தொகைக்கும் வருமான வரி. மிச்சத்தைக் கார்டுக்குக் கட்டிவிட்டு, அதுவும் போதாமல் எட்டு மாதம் கழித்து மனு போட வந்து நின்றால், போன பணம் போனதுதான். மனுவை முதலிலேயே போட்டிருந்தால் அந்தப் பணம் முழுசாக அவரிடமே இருந்திருக்கும்.

உறவுக்காரர்களிடம் வாங்கிய கடனும் இப்படித்தான் சிக்கலைக் கொண்டுவரும். "வங்கிக்காரனை விடு, சித்தப்பா பணத்தையாவது முதலில் கொடுத்துவிடுவோம்" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மனு போடுவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் நெருங்கிய உறவினருக்குத் திருப்பிக் கொடுத்த கடனை ட்ரஸ்டி அவரிடமிருந்தே மீட்கலாம். மற்றக் கடன்காரர்களுக்கு இந்தக் காலம் 90 நாள். சித்தப்பாவுக்கு நல்லது செய்யப்போய் அவருக்கு நோட்டீஸ் வரும்படி ஆகிவிடும். வெளிநாட்டில் இருக்கும் நிலம், வங்கிக் கணக்கு, நகை எல்லாவற்றையும் மனுவில் காட்டியே ஆக வேண்டும். சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது உங்கள் சொத்துதான். மறைத்தால் டிஸ்சார்ஜே கிடைக்காமல் போகும், குற்ற வழக்கும் வரும்.

கடன் சமரசம் பற்றியும் ஒரு வார்த்தை. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்யும்படி வங்கியிடம் பேசுவது அது. ஃபைக்கோவின் அதே மாதிரிக் கணக்கில் இதற்கான இழப்பு 680காரருக்கு 45 முதல் 65, 780காரருக்கு 105 முதல் 125. பார்க்கச் சிறியதாகத் தெரிகிறது. ஆனால் சமரசத்துக்கு வங்கி இறங்கிவருவதற்குள் பல மாதத் தவணை தவறியிருக்கும். அந்தத் தாமதங்களின் அடி தனி. தள்ளுபடியான தொகையை வருமானமாகக் கணக்கிட்டு வரி கேட்பதும் உண்டு. திவாலில் போன கடனுக்கு அந்த வரி இல்லை. ஒன்றிரண்டு கடன் மட்டும் இருந்து, கையில் மொத்தமாகக் கொடுக்கப் பணமும் இருப்பவருக்குச் சமரசம் நல்ல வழி. ஐந்தாறு கடன்காரர்கள் இருப்பவருக்கு அது பெரும்பாலும் திவாலை ஒரு வருடம் தள்ளிப்போடும் வேலையாகவே முடிகிறது என்பது என் கருத்து.

கூடக் கையெழுத்துப் போட்டவர்

தம்பியின் கார் லோனுக்கு அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பி சாப்டர் 7 போடுகிறார். தம்பியின் பொறுப்பு போய்விடும், அக்காவின் பொறுப்பு அப்படியே இருக்கும். வங்கி நேராக அக்காவிடம் வரும். அவர் கட்டாவிட்டால் அவர் ரிப்போர்ட்டில் தாமதம் ஏறும். திவாலே போடாத ஒருவரின் ஸ்கோர் இன்னொருவரின் திவாலால் விழுவது இப்படித்தான். சாப்டர் 13இல் வீட்டுச் செலவுக் கடன்களைப் பொறுத்தவரை, திட்டம் நடக்கும் காலத்தில் கூடக் கையெழுத்திட்டவருக்கும் ஓரளவு தடைப் பாதுகாப்பு உண்டு. எந்த சாப்டர் என்று முடிவெடுக்கும் முன் இதை வக்கீலிடம் கட்டாயம் கேளுங்கள். அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் மனு போட்டால், வழக்குப் பதிவு மற்றவரின் ரிப்போர்ட்டில் வராது. கூட்டுக் கணக்குகள் மட்டும் அவரைத் தொடும்.

டிஸ்சார்ஜ் வந்ததும் முதல் வேலை

மூன்று பீரோக்களின் ரிப்போர்ட்டையும் எடுங்கள். ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம். டிஸ்சார்ஜ் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்தால் வங்கிகள் விவரத்தைப் புதுப்பித்திருக்கும்.

ஒவ்வொரு கணக்கையும் வரி வரியாகப் பாருங்கள். மனுவில் சேர்ந்து டிஸ்சார்ஜ் ஆன கடன் என்றால் பாக்கி பூஜ்ஜியம் என்று இருக்க வேண்டும். நிலை என்ற இடத்தில் திவாலில் தீர்ந்தது என்ற பொருள்படும் குறிப்பு இருக்க வேண்டும். அங்கே 6,400 டாலர் பாக்கி என்றோ, வாராக்கடன் என்றோ, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மாதங்களில் 120 நாள் தாமதம் என்றோ இருந்தால் அது பிழை. வங்கி கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்றிருந்தால் ஒரே கடன் இரண்டு வரியாக, இரண்டிலும் பாக்கியோடு நிற்பதும் உண்டு. இப்படி ஒரு பிழை இருந்தாலும் டிஸ்சார்ஜின் பலன் ஸ்கோரில் ஏறாது. புதிதாகக் கடன் கொடுப்பவர் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

பிழையைக் கண்டால் அந்த பீரோவுக்கு ஆட்சேபம் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் உத்தரவின் நகலையும், மனுவில் அந்தக் கடன்காரர் பெயர் இருக்கும் பக்கத்தின் நகலையும் இணையுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும். ஒரு பீரோவில் திருத்தினால் மற்ற இரண்டிலும் தானாகத் திருந்தாது. மூன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை. "உண்மையான திவால் பதிவையே நீக்கித் தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள்" என்பவர்களிடம் விலகியே இருங்கள். சரியான பதிவை யாராலும் நீக்க முடியாது. வேலையை முடிக்கும் முன்பே பணம் வாங்குவது 1996இல் வந்த மத்தியச் சட்டப்படி இத்தகைய நிறுவனங்களுக்குத் தடைசெய்யப்பட்டது.

வீட்டுக்கடனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாப்டர் 7க்குப் பிறகும் தவணை கட்டி வீட்டில் தொடர்ந்து இருப்பவர்கள், அந்தக் கடனுக்குத் தாங்களே பொறுப்பு என்று மறுபடி எழுதிக்கொடுக்காவிட்டால், வங்கி அவர்களின் மாதத் தவணையை பீரோக்களுக்குத் தெரிவிக்காமல் விடலாம். ஒழுங்காகக் கட்டியும் ஸ்கோரில் அது ஏறாது. அதற்காக எழுதிக்கொடுத்துவிடலாமா? நானாக இருந்தால் அவசரப்பட மாட்டேன். எழுதிக்கொடுத்த பிறகு வீடு கைவிட்டுப் போனால், மீதிக் கடன் மறுபடி தலையில் ஏறும். நீங்கள் கட்டிய ரசீதுகளை எடுத்து வையுங்கள். பிற்பாடு கடன் கேட்கும்போது அவற்றைக் காட்டலாம்.

மீண்டும் கட்டுவது எப்படி?

"இனிமேல் கார்டே வேண்டாம்" என்று சபதம் எடுப்பவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபைக்கோ ஸ்கோர் கணக்கிட, குறைந்தது ஆறு மாத வயதுள்ள ஒரு கணக்காவது இருக்க வேண்டும், கடந்த ஆறு மாதத்துக்குள் பீரோவுக்கு ஏதாவது ஒரு கணக்கின் விவரமாவது வந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒதுங்கினால் பழைய கறைதான் ரிப்போர்ட்டில் மிஞ்சும். அதன்மேல் படிய நல்ல பதிவு எதுவும் வராது.

எளிய தொடக்கம், முன்பணம் கட்டி வாங்கும் செக்யூர்டு கார்டு. 300 டாலர் கட்டினால் 300 டாலர் வரம்புள்ள கார்டு கிடைக்கும். மூன்று பீரோக்களுக்கும் விவரம் அனுப்பும் கார்டுதானா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். அனுப்பாத கார்டால் ஸ்கோருக்குப் பயனில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம் பலரைத் தடுமாற வைக்கிறது. கெடு தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டியும் ஸ்கோர் ஏறவில்லையே என்பார்கள். வங்கி பீரோவுக்கு அனுப்புவது பெரும்பாலும் மாத ஸ்டேட்மென்ட் போடும் நாளில் இருக்கும் பாக்கியை. 300 டாலர் வரம்பில் 240 டாலருக்குப் பொருள் வாங்கியிருந்தால், ஸ்டேட்மென்ட் அன்று 80% பயன்பாடு என்று பதிவாகிவிடும். மூன்று வாரம் கழித்து முழுசாகக் கட்டினாலும் அந்த மாதக் கணக்கில் நீங்கள் வரம்பை முட்டுபவர்தான். ஸ்டேட்மென்ட் தேதிக்கு நாலு நாள் முன்பே 220 டாலரைக் கட்டிவிட்டால் பதிவாவது 20 டாலர், 7% கூட இல்லை. செலவு அதே, பணம் அதே. கட்டும் நாள் மட்டும்தான் மாறியிருக்கிறது. இல்லாவிட்டால் மாதம் 20 டாலர் வரும் ஒரு சந்தாவை மட்டும் அந்தக் கார்டில் போட்டு, தானாகக் கட்டும் வசதியை வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

ஒரு வருடம் போன பிறகு, கடன் சங்கங்களில் கிடைக்கும் கிரெடிட் பில்டர் லோன் ஒன்றைச் சேர்க்கலாம். அதில் கடன் தொகை உங்கள் பெயரில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும். தவணைகளைக் கட்டி முடித்ததும் கைக்கு வரும். ஒரே நேரத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். விண்ணப்பத்துக்காக நடக்கும் ஒவ்வொரு விசாரணையும் ரிப்போர்ட்டில் இரண்டு வருடம் தெரியும். சாப்டர் 13 திட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது புதுக் கடன் வாங்க நீதிமன்றத்தின் அல்லது ட்ரஸ்டியின் அனுமதி தேவைப்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஸ்கோரைத் தாண்டி

கார் லோன் டிஸ்சார்ஜ் முடிந்த கொஞ்ச காலத்திலேயே கிடைக்கும். வட்டிதான் அதிகம். வாங்கியே ஆக வேண்டிய நிலை இல்லாதவர்கள் ஒரு வருடம் பொறுத்தால் நல்லது.

வீட்டுக்கடனுக்குக் காத்திருப்புக் காலம் எழுதியே வைத்திருக்கிறார்கள். சாப்டர் 7 டிஸ்சார்ஜுக்குப் பிறகு, கூட்டாட்சி வீட்டு வசதி நிர்வாகத்தின் காப்பீடு உள்ள கடனுக்குப் பொதுவாக 2 வருடம். முன்னாள் ராணுவத்தினருக்கான கடனுக்கும் 2 வருடம். ஃபேனி மே என்ற நிறுவனம் வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொள்ளும் வழக்கமான கடனுக்கு 4 வருடம். சாப்டர் 13இல் திட்டம் நடக்கும்போதே 12 மாதம் ஒழுங்காகக் கட்டியவர், நீதிமன்ற அனுமதியோடு அந்த வீட்டு வசதி நிர்வாகக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஃபேனி மே வழியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 2 வருடம். பத்து வருடம் வீடு வாங்கவே முடியாது என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை என்பது இந்த எண்களிலிருந்தே தெரியும்.

வேலையைப் பொறுத்தவரை, திவால் போட்டார் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. தனியார் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். அரசுத் துறைகள் அந்தக் காரணத்துக்காக வேலை மறுக்கவும் கூடாது. தனியார் நிறுவனம் புதிதாக ஆளெடுக்கும்போது மட்டும் அந்தப் பாதுகாப்பு அவ்வளவு உறுதியாக இல்லை. நிதித்துறை வேலைகளில் ரிப்போர்ட்டைப் பார்ப்பார்கள். ஆண்டுச் சம்பளம் 75,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கும், 1,50,000 டாலரோ அதற்கு மேலோ உள்ள கடனுக்கும் 10 வருட வரம்பு சட்டப்படி பொருந்தாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக்குப் போகும்போது, பழைய வீட்டுக்காரரின் கடிதம், சம்பளச் சீட்டு, டிஸ்சார்ஜ் உத்தரவின் நகல் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். ரிப்போர்ட்டில் புது வீட்டுக்காரர் பார்ப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாக நடக்கும்.